மான் கூட்டத்தைத் துப்பாக்கி திருத்துமா?

வயலில் பயிருக்கு நடுவே களை முளைத்தால் உழவர் அதைப் பிடுங்கி எறிகிறார், பயிர் செழிக்கிறது. மாடு வளர்ப்பவர் நோஞ்சான் காளையைப் பொலிகாளையாக விடுவதில்லை. நல்ல கன்றுகள் பிறக்கின்றன. இதே வழியைக் காட்டு மான்களிடமும் கையாண்டால் என்ன? கொம்பு கோணியவை, கிளை குறைந்தவை, உடல் சிறுத்தவை ஆகியவற்றை மட்டும் பொறுக்கிச் சுட்டுவிட்டால், எஞ்சியிருக்கும் கூட்டம் தலைமுறைக்குத் தலைமுறை தரம் உயராதா?

கேட்பதற்கு மிகவும் நியாயமாகத் தோன்றும் கேள்வி இது. இதற்கு ஐரோப்பாவும் நியூசிலாந்தும் அமெரிக்காவும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகத் துப்பாக்கி முனையில் விடை தேடி வந்திருக்கின்றன. அந்த நூறு ஆண்டுகளில் எத்தனையோ மான்கள் இறைச்சிக்காக அல்ல, பயிரைத் தின்றதற்காகவும் அல்ல, 'குலத்தைக் கெடுக்கும்' என்ற ஒரே குற்றச்சாட்டின் பேரில் கொல்லப்பட்டன. அந்தக் குற்றச்சாட்டு உண்மைதானா என்பதைச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் மட்டும் மிகவும் தாமதமாகவே வந்தது.

கொம்பு சொல்லும் கணக்கு

முதலில் மானின் கொம்பைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியம். மாட்டின் கொம்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்திருப்பது. மானின் கொம்பு அப்படியல்ல. அது முழுக்க முழுக்க எலும்பு. ஆண்டுதோறும் உதிர்ந்து, மறுபடியும் புதிதாக முளைக்கும். மூன்று நான்கு மாதங்களுக்குள் பல கிளைகளுடன் ஒரு முழுக்கொம்பு வளர்ந்துவிடுகிறது. விலங்குலகில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறு இல்லை என்றே சொல்லலாம்.

இந்த வளர்ச்சிக்குத் தேவையான சத்து எங்கிருந்து வருகிறது? மான் தின்னும் புல்லிலிருந்தும் தழையிலிருந்தும்தான். உடம்பின் தேவைகள் நிறைவேறிய பிறகு மிஞ்சுவதுதான் கொம்புக்குப் போகும். மழை பொய்த்த ஆண்டில் கொம்பு சிறுக்கும். மேய்ச்சல் செழித்த ஆண்டில் பெருக்கும். வயதும் முக்கியம். இளம் மானுக்குக் கொம்பு குச்சிபோல இருக்கும். மத்திய ஐரோப்பாவின் செம்மானுக்குப் பத்து வயதைத் தாண்டும்போதுதான் முழுப் பொலிவு வரும். கிழடு தட்டினால் மறுபடியும் சிறுத்துவிடும்.

ஆக, ஒரு மானின் கொம்பில் அதன் வயது, அந்த ஆண்டின் மழை, காட்டின் மேய்ச்சல், நோய், காயம், தாயிடம் குடித்த பால், பரம்பரை என எத்தனையோ கணக்குகள் ஒன்றாகக் கலந்து எழுதப்பட்டிருக்கின்றன. வேட்டைக்காரர்களோ இவற்றுள் ஒன்றை மட்டுமே படித்தார்கள். சிறிய கொம்பு என்றால் தாழ்ந்த பரம்பரை என்று தீர்ப்பு எழுதினார்கள்.

ஜெர்மனியில் பிறந்த சித்தாந்தம்

இந்தத் தீர்ப்பை ஒரு முறையான கோட்பாடாக வளர்த்த நாடு ஜெர்மனி. ஃபெர்டினாண்ட் ஃபான் ரேஸ்ஃபெல்ட் (1855-1929) என்ற வன அதிகாரி அங்கே புகழ்பெற்ற வேட்டை நூலாசிரியர். செம்மானைப் பற்றி அவர் எழுதிய நூல் வேட்டைக்காரர்களிடையே வேதம்போல மதிக்கப்பட்டது. 'துப்பாக்கியால் பேணுதல்' என்ற கருத்து அந்தக் காலத்தில்தான் பரவியது. வேட்டைக்காரன் கண்ணில் பட்ட பெரிய கொம்பைச் சுட்டுத் தள்ளாமல், நல்ல மான்களை முதுமைவரை விட்டுவைக்க வேண்டும். தரம் குறைந்தவற்றைச் சிறு வயதிலேயே கழிக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

நல்ல மானை விட்டுவைக்கச் சொன்ன பாதி நல்ல அறிவுரைதான். அதற்கு முன்பு வேட்டை என்பது கட்டுப்பாடில்லாத கொலையாகவே பல இடங்களில் இருந்தது. ரேஸ்ஃபெல்ட் போன்றவர்கள் வேட்டைக்காரனுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதை மறுக்க முடியாது. சிக்கல் அந்த மற்றொரு பாதியில் இருந்தது.

1934ஆம் ஆண்டு ஜூலை மாதம் நாஜி அரசு நாடு முழுவதற்குமான வேட்டைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஹெர்மன் கோரிங் நாட்டின் தலைமை வேட்டை அதிகாரியானார். மான்கள் வகுப்பு வாரியாகப் பிரிக்கப்பட்டன. எந்த வகுப்பில் எத்தனையைச் சுடலாம் என்று திட்டம் வகுக்கப்பட்டது. ஆண்டுதோறும் நடக்கும் கொம்புக் கண்காட்சிக்குச் சுட்டவர் தாம் சுட்ட மானின் கொம்பைக் கொண்டுவர வேண்டும். நடுவர்கள் அதைப் பார்த்துப் பொட்டு வைப்பார்கள். பச்சைப் பொட்டு என்றால் 'சுட்டது சரி'. சிவப்புப் பொட்டு என்றால் 'தவறான மானைச் சுட்டுவிட்டாய்'. ஊரார் முன்னிலையில் சிவப்புப் பொட்டு வாங்குவது பெரிய தலைகுனிவு.

இதே அரசு அதற்கு முந்தைய ஆண்டு, 1933 ஜூலையில், பரம்பரை நோய் உள்ளவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டத்தையும் இயற்றியிருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் கருத்தடைக்கு ஆளானார்கள். மான்களைத் தரம் பிரிக்கும் எண்ணம் நாஜிகளுக்கு முன்பே இருந்தது; அதைப் பின்பற்றிய வேட்டைக்காரர்கள் அனைவரும் நாஜிகளும் அல்லர். இருந்தாலும், வெளித்தோற்றத்தைப் பார்த்துப் பரம்பரையைத் தீர்மானித்துவிடலாம், தாழ்ந்ததைக் களைந்தால் இனம் உயரும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தின் காற்றிலேயே கலந்திருந்தது. காட்டில் அது மானைத் தொட்டது. நாட்டில் மனிதரைத் தொட்டது.

போருக்குப் பிறகு நாஜி அரசு ஒழிந்தது. ஆனால் 1952இல் மேற்கு ஜெர்மனி இயற்றிய புதிய வேட்டைச் சட்டத்தில் பழைய சட்டத்தின் பல கூறுகள் தொடர்ந்தன. பொட்டு வைக்கும் வழக்கமும் பல்லாண்டுகள் நீடித்தது.

எள்ளுப் புண்ணாக்கு சொன்ன பாடம்

சட்டம் ஒரு பக்கம் களையெடுத்துக்கொண்டிருந்த அதே 1930களில், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் ஃபிரான்ஸ் ஃபோக்ட் என்பவர் வேறொரு சோதனையில் இறங்கினார். செம்மான்களை வேலியடைத்த இடத்தில் வளர்த்து, அவற்றுக்குச் சத்தான தீனி கொடுத்துப் பார்த்தார். அந்தத் தீனியில் முக்கியமானது நம் ஊர் மாட்டுத் தொழுவங்களில் வைக்கப்படும் அதே எள்ளுப் புண்ணாக்குதான்.

சில தலைமுறைகளுக்குள்ளேயே அந்த மான்களின் உடலும் கொம்பும் வியக்கத்தக்க அளவில் பெருத்தன. வெளியிலிருந்து உயர்ந்த பரம்பரையைக் கொண்டுவந்து கலந்ததால் வந்த வளர்ச்சி அல்ல அது. காட்டில் அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்த இனமே, வயிறு நிறைந்தபோது இந்த அளவுக்கு வளர்ந்தது. அப்படியானால் காட்டில் 'தரம் குறைந்தவை' என்று சுடப்பட்ட மான்களின் உண்மையான குறை என்ன? பரம்பரையா, பசியா?

இந்தக் கேள்வியை அன்று உரக்கக் கேட்டவர்கள் குறைவு. அதற்குக் காரணமும் உண்டு. ஜெர்மனியின் பல வேட்டைக் காடுகளில் ஒரே நேரத்தில் நான்கு வேலைகள் நடந்தன. மான்களின் மொத்த எண்ணிக்கை குறைக்கப்பட்டது. குளிர்காலத்தில் தீனி வைக்கப்பட்டது. ஆண் மான்கள் முதிர்ச்சி அடையும்வரை விட்டுவைக்கப்பட்டன. இவற்றோடு தரம் பார்த்துச் சுடுவதும் நடந்தது. கொம்புகள் பெருத்தபோது முதல் மூன்றையும் மறந்து, நான்காவதற்கே மாலை போட்டார்கள்.

நியூசிலாந்தின் அனுபவம்

உலகின் மறுகோடியில் நியூசிலாந்து, தான் நினைக்காமலேயே மிகப் பெரிய சோதனைக்கூடமாகிவிட்டது. வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டிகள் எதுவும் இயற்கையாக இல்லாத நாடு அது. பிரிட்டனிலிருந்து குடியேறியவர்கள் 1851இலிருந்து செம்மான்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து காட்டில் விட்டார்கள். 1871இல் ஸ்காட்லாந்தின் இன்வர்மார்க் வேட்டைக்காட்டிலிருந்து வந்த மான்கள் ஒட்டாகோ பகுதியில் விடப்பட்டன.

அதுவரை எந்த மானும் வாய் வைக்காத காடு. அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கே தோன்றிய கொம்புகளைக் கண்டு வேட்டையுலகம் அதிசயித்தது. தாய்நாட்டின் மலைச்சரிவுகளில் சிறிய கொம்போடு திரிந்த அதே இனம், புதிய மண்ணில் பேருருவம் எடுத்து நின்றது.

ஆனால் அந்தப் பொற்காலம் நீடிக்கவில்லை. மான்கள் பெருகின. காட்டின் அடித்தழைகள் மொட்டையாகின. கொம்புகளும் சிறுக்கத் தொடங்கின. மான்களைக் கொண்டுவந்து விட்ட சங்கங்கள் இதைப் 'பரம்பரைச் சீரழிவு' என்று கருதின. இரத்தம் கெட்டுவிட்டது, கோணல் கொம்புகளைச் சுட வேண்டும், புதிய இரத்தம் கலக்க வேண்டும் என்று பேசப்பட்டது. தரம் குறைந்த ஆண் மான்களைக் கழிக்க ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். பெண் மான்களோ காட்டில் பெருகிக்கொண்டே இருந்தன. தீனிக்கு நிற்கும் வாய்கள் குறையாதபோது, கோணல் கொம்புகளைக் கழிப்பதால் என்ன பயன்?

கடைசியில் மண்ணரிப்பும் காட்டழிவும் அரசாங்கத்தின் கண்ணைத் திறந்தன. 1930இல் கிறைஸ்ட்சர்ச் நகரில் 'மான் தொல்லை' பற்றிய மாநாடு கூடியது. மான்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு நீக்கப்பட்டது. 1931இலிருந்து கேப்டன் யெரெக்ஸ் என்பவரின் பொறுப்பில் அரசாங்க வேட்டைக்காரர்கள் காடுகளுக்குள் அனுப்பப்பட்டார்கள். இப்போது கொம்பைப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆணா பெண்ணா, நல்லதா கெட்டதா என்று பாராமல் சுட்டார்கள். 1960களிலிருந்து ஹெலிகாப்டர்களும் வந்து சேர்ந்தன. மான் இறைச்சி ஏற்றுமதிப் பொருளாகி, மேற்கு ஜெர்மனியின் சந்தைக்கும் போனது.

இதன் முடிவுதான் கவனிக்கத்தக்கது. எண்ணிக்கை பெருமளவு குறைந்த பகுதிகளில் எஞ்சிய மான்களின் உடல் வளர்ச்சி மேம்பட்டதை ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். யாரும் நல்லதைத் தேர்ந்தெடுத்து விட்டுவைக்கவில்லை. யாரும் புதிய இரத்தம் கலக்கவில்லை. ஆனாலும் மான்கள் உயர்ந்தன. பந்தியில் கூட்டம் குறைந்தபோது, இலையில் சோறு கூடியது. அவ்வளவுதான்.

கொம்பில்லாத மானின் வழக்கு

களையெடுப்புக் கோட்பாட்டுக்கு நேரடியான சோதனை ஸ்காட்லாந்தில் நடந்தது. அங்கே அபூர்வமாகச் சில ஆண் செம்மான்களுக்குக் கொம்பே முளைப்பதில்லை. 'ஹம்மல்' என்று அவற்றுக்குப் பெயர். கொம்பு வளர்க்கும் செலவு இல்லாததால் அவற்றில் பல நல்ல உடற்கட்டோடு இருக்கும். பெண் மான் கூட்டத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இதைக் கண்ட எஸ்டேட் காவலர்கள் பதறினார்கள். விட்டுவைத்தால் மலை முழுவதும் மொட்டைத் தலை மான்களாகிவிடும் என்று அஞ்சி, கண்டவுடன் சுடுவதை வழக்கமாக்கினார்கள். இது பரம்பரைக் குறை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

ஜெரால்ட் லிங்கன் என்ற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1960களின் இறுதியில் இதை ஆராயப் புகுந்தார்கள். ஒரு ஹம்மலைச் சுடாமல் உயிரோடு பிடித்து, பெண் மான்களோடு சேரவிட்டார்கள். பிறந்த ஆண் குட்டிகள் வளர்ந்தன. அவற்றின் தலையில் மற்ற மான்களைப் போலவே கொம்பு முளைத்தது. இன்னொரு விந்தையும் நடந்தது. கொம்பு முளைக்க வேண்டிய இடத்தில் இருந்த மேட்டில் சிறு காயம் உண்டாக்கியபோது, அந்த மொட்டைத் தலையிலேயே கொம்பு வளரத் தொடங்கியது. கொம்பை உண்டாக்கும் ஆற்றல் அதன் உடலில் உறங்கிக்கொண்டுதான் இருந்தது. குட்டிப் பருவத்தில் சத்துக் குறைவால் கொம்பின் அடித்தளம் சரியாக வளராமல் போவதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்ற விளக்கம் வலுப்பெற்றது.

தலைமுறை தலைமுறையாகக் குற்றவாளிக் கூண்டில் நின்ற ஹம்மல், விசாரணை நடந்தபோது நிரபராதியாக வெளியே வந்தது. ஆனால் அதற்குள் எத்தனை ஹம்மல்கள் சுடப்பட்டுவிட்டன!

ரம் தீவின் கணக்கேடு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ரம் என்றொரு தீவு உண்டு. 1957இல் அரசாங்கத்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அதை விலைக்கு வாங்கியது. அடுத்த ஆண்டிலிருந்து அங்கிருந்த செம்மான்களில் ஆறில் ஒரு பங்கு ஆண்டுதோறும் சுடப்பட்டது. பிறகு 1970களின் தொடக்கத்தில் தீவின் வடபகுதியில் மட்டும் சுடுவதை நிறுத்தினார்கள். டிம் கிளட்டன்-பிராக், ஃபியோனா கின்னஸ், ஸ்டீவ் ஆல்பன் முதலிய ஆய்வாளர்கள் ஒவ்வொரு மானையும் தனித்தனியே அடையாளம் கண்டு, பிறப்பு முதல் இறப்பு வரை பதிவு செய்தார்கள். உலகில் காட்டு விலங்குகளைப் பற்றி நடந்த மிக நீண்ட ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

சுடுவது நின்றதும் வடபகுதியில் பெண் மான்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மும்மடங்காகப் பெருகியது. மேய்ச்சல் நெருக்கடி முற்றியது. அதன் முதல் பாதிப்பு யாருக்கு? பெண் மான்களுக்கு அல்ல, ஆண்களுக்கு. பெரிய உடலுக்குக் கூடுதல் தீனி தேவை என்பதால் ஆண் குட்டிகள் அதிகமாக இறந்தன. பிழைத்தவற்றின் கொம்புகள் எடை குறைந்தன. ஆண் மானின் கொம்பைக் கெடுத்தது இன்னொரு ஆண் மானின் கெட்ட இரத்தம் அல்ல. அளவுக்கு மீறிய பெண் மான்களின் கூட்டம். பெரிய கொம்பை விரும்பிப் பெண் மான்களைச் சுடாமல் விட்ட எஸ்டேட்காரர்கள், தங்கள் விருப்பத்துக்குத் தாங்களே குழி பறித்துக்கொண்டிருந்தார்கள் என்பது இதனால் விளங்கியது.

அதே தீவின் பதிவுகளை வைத்து 2002இல் லூஸ்கே குரூக் என்ற ஆய்வாளரும் பிறரும் இன்னொரு முடிவை வெளியிட்டார்கள். கொம்பின் எடையில் பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. பெரிய கொம்புள்ள ஆண்கள் அதிகக் குட்டிகளுக்குத் தந்தையாவதும் உண்மை. கணக்குப்படி பார்த்தால் ரம் தீவின் கொம்புகள் தலைமுறைக்குத் தலைமுறை பெருத்திருக்க வேண்டும். ஆனால் ஏறத்தாழ 30 ஆண்டுப் பதிவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. காரணம், நன்றாகத் தின்று வளர்ந்த மானுக்குக் கொம்பும் பெரிதாக இருக்கும். சண்டையில் வெற்றியும் கிடைக்கும். இரண்டுக்கும் மூலம் அதன் ஊட்டமே தவிர மரபணு அல்ல. ஊட்டத்தைக் குட்டிக்குப் பரம்பரைச் சொத்தாக எழுதிவைக்க முடியாது. இயற்கையே பெரிய கொம்புக்குச் சலுகை காட்டியும் இனத்தின் கொம்பு பெருக்கவில்லை என்றால், துப்பாக்கி அதைவிடச் சிறப்பாக என்ன செய்துவிட முடியும்?

டெக்சஸில் நடந்த நீண்ட விவாதம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இதே வாதம் வெள்ளைவால் மான்களைப் பற்றி எழுந்தது. ஒரு வயது ஆண் மான்கள் சிலவற்றுக்குக் கிளையே இல்லாமல் இரண்டு ஈட்டிகள்போலக் கொம்பு முளைக்கும். அவற்றைச் சுட வேண்டுமா, விட வேண்டுமா?

சுட வேண்டும் என்ற தரப்பிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. மாநில வனவிலங்குத் துறை கெர் என்ற இடத்தில் 1974இலிருந்து வேலிக்குள் மான்களை வளர்த்து ஆராய்ந்தது. எந்த ஆண் எந்தப் பெண்ணோடு சேர்கிறது என்பதைக் கட்டுப்படுத்தியபோது, கொம்பில் பரம்பரையின் செல்வாக்கு தெளிவாகத் தெரிந்தது. மான் பண்ணை வைத்திருப்பவர்கள் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தின் மூலம் பூதாகரமான கொம்புகளை உண்டாக்கியும் காட்டியிருக்கிறார்கள். எனவே பரம்பரை ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் தவறு.

விட வேண்டும் என்ற தரப்பும் ஆதாரத்தோடு வந்தது. மிசிசிப்பியில் ஹாரி ஜேக்கப்சன் நடத்திய ஆய்வுகளில், முதல் ஆண்டில் ஈட்டிக் கொம்போடு நின்ற பல மான்கள் முதிர்ந்தபோது மற்றவற்றை எட்டிப்பிடித்தன. ஒரு வயதுக் கொம்பில் பரம்பரையின் பங்கு மிகக் குறைவு என்று 1998இல் வெளிவந்த கணக்கீடு கூறியது. பருவம் தவறிப் பிறந்த குட்டிக்கும், பால் குறைந்த தாயின் குட்டிக்கும் முதல் கொம்பு சிறிதாகத்தான் இருக்கும். முதலாம் வகுப்புத் தேர்வை வைத்தே ஒரு பிள்ளையின் முழு வாழ்க்கையையும் தீர்மானிப்பது போன்றதல்லவா இது?

தாயின் பங்கு எவ்வளவு பெரியது என்பதைத் தெற்கு டகோட்டா ஆய்வு 2009இல் எடுத்துக்காட்டியது. மேய்ச்சல் குறைந்த பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியின் சிறிய மான்களையும், வளமான கிழக்குப் பகுதியின் பெரிய மான்களையும் ஒரே நல்ல தீனியில் வளர்த்தார்கள். முதல் தலைமுறையில் மலை மான்கள் சிறியனவாகவே இருந்தன. பரம்பரைதான் காரணம் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் அடுத்த தலைமுறையில் மலை மான்கள் மற்றவற்றுக்கு இணையாக வளர்ந்துவிட்டன. தாய் பட்ட பசியின் தழும்பு குட்டியின் உடலில் தெரிந்ததே தவிர, குலத்தின் குறை அல்ல.

கடைசியாக, காட்டிலேயே நேருக்கு நேர் சோதனை ஒன்று நடந்தது. தெற்கு டெக்சஸின் கமாஞ்சி பண்ணையில் 2006இலிருந்து ஆய்வாளர்கள் ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசி ஆண் மான்களைப் பிடித்தார்கள். கொம்பை அளந்தார்கள். ஒரு பகுதியில் தரத்துக்குக் குறைந்தவற்றைக் கடுமையாகக் கழித்தார்கள். இன்னொரு பகுதியில் மிதமாகக் கழித்தார்கள். மூன்றாவது பகுதியில் எதையும் தொடவில்லை. பல ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மான்கள் பிடிபட்டன. எந்தக் குட்டிக்கு எது தந்தை என்று மரபணுச் சோதனையும் செய்யப்பட்டது. முடிவு என்ன? கடுமையாகக் களையெடுத்த இடத்திலும் அடுத்த தலைமுறையின் கொம்பு மேம்படவில்லை. மழை குறைந்த ஆண்டுகளில் இளம் மான்களில் பெரும்பாலானவை தரத்தில் தவறிக் கழிக்கப்பட்டதால், ஆண் மான்களின் எண்ணிக்கைதான் சரிந்தது.

காரணங்களைப் புரிந்துகொள்வது கடினமல்ல. குட்டியின் மரபணுவில் பாதி தாயிடமிருந்து வருகிறது. பெண் மானுக்கோ கொம்பில்லை, எனவே அதைத் தரம் பார்க்க வழியில்லை. ஓர் ஆண் மானே எல்லாப் பெண் மான்களுக்கும் துணையாகிவிடுவதில்லை. இளம் ஆண்கள் உட்பட பலவும் தந்தையாகின்றன. வெளியிலிருந்தும் மான்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தொழுவத்தில் ஒரே பொலிகாளை இருக்கும்போது பலிக்கும் கணக்கு, வேலியில்லாக் காட்டில் பலிப்பதில்லை.

ஓநாயின் பெயரால் ஒரு வாதம்

களையெடுப்பை ஆதரிப்பவர்கள் கடைசியாக ஓநாயைச் சாட்சிக்கு அழைப்பார்கள். இயற்கையில் ஓநாய் பலவீனமானதைத்தானே கொல்கிறது? ஓநாய் இல்லாத காட்டில் அந்த வேலையை மனிதன் செய்வதில் என்ன தவறு?

ஓநாய் பெரும்பாலும் குட்டிகளையும் கிழடுகளையும் நோயுற்றவற்றையும் பிடிக்கிறது என்பது உண்மையே. ஆனால் அது கொம்பின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1995இல் ஓநாய்கள் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டன. அங்கே எல்க் என்னும் பெரிய மான்களைப் பற்றி 2018இல் வெளிவந்த ஆய்வு விசித்திரமான ஓர் உண்மையைச் சொன்னது. குளிர்கால இறுதியில் கொம்பை முதலில் உதிர்க்கும் ஆண் மான்களையே ஓநாய்கள் அதிகம் தாக்கின. ஏனெனில் அவற்றிடம் ஆயுதம் இல்லை. அப்படி முந்திக்கொண்டு கொம்பை உதிர்ப்பவை, மற்றவற்றைவிட நல்ல உடல்நிலையில் உள்ளவை! ஓநாயின் கணக்கு வேறு, கொம்புக் கண்காட்சி நடுவரின் கணக்கு வேறு.

எண்ணிக்கையா, பொறுக்கலா?

அப்படியானால் மான்களைச் சுடவே கூடாதா? அப்படி யாரும் சொல்லிவிட முடியாது. ஓநாயும் புலியும் அற்றுப்போன நாடுகளில் மான்கள் அளவுக்கு மீறிப் பெருகினால் காட்டில் புதிய மரக்கன்று தலையெடுக்காது. குளிர்காலத்தில் மான்களே பட்டினியால் கொத்துக் கொத்தாகச் சாகும். அங்கே எண்ணிக்கையைக் குறைப்பதற்கு, அதிலும் பெண் மான்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு, நியாயம் இருக்கிறது. காயம்பட்டு மீள முடியாமல் துடிக்கும் மானைச் சுடுவதும் கருணைதான். இளம் ஆண்களை முதிர விடுவதும் கூட்டத்துக்கு நல்லது. இவை அனைத்தும் பயன் தந்திருக்கின்றன. பயன் தராதது ஒன்றே ஒன்று: கொம்பைப் பார்த்துக் குலத்தைத் தீர்மானித்துச் சுடுவது.

மலேசியாவின் நிலைமை இதற்கு நேர்மாறானது. தீபகற்பக் காடுகளில் ருசா மான் பெருகித் தொல்லை தரவில்லை, வேட்டையால் அருகிப்போனது. புலிக்கு இரை குறையும் என்ற கவலையும் சேர்ந்ததால், 2009இல் வனவிலங்குத் துறை ருசாவையும் கீஜாங் மானையும் ஆறு ஆண்டுகளுக்கு வேட்டையாடத் தடை விதித்தது. அங்கே நல்ல மான், கெட்ட மான் என்ற பேச்சுக்கே இடமில்லை. எஞ்சிய ஒவ்வொன்றும் தேவைப்பட்டது.

மான் எங்கே அதிகம், எங்கே குறைவு, காடு எத்தனை மான்களைத் தாங்கும் என்று கணக்கெடுப்பது பொறுமை கேட்கும் வேலை. பல ஆண்டுகள் எண்ண வேண்டும். புல்லையும் மரக்கன்றையும் அளக்க வேண்டும். ஒரு மானைத் தொலைநோக்கியில் பார்த்து 'இது தாழ்ந்தது' என்று தீர்ப்பளிக்க ஒரு நிமிடம் போதும். நூறு ஆண்டுகளாக மனிதர்கள் பெரும்பாலும் அந்த ஒரு நிமிட வேலையையே விரும்பினார்கள். சோதனைக்கு வந்த போதெல்லாம் அந்தத் தீர்ப்பு தோற்றது; பசித்திருந்த மானுக்குத் தீனி கூடிய போதெல்லாம் கொம்பு தானாகவே வளர்ந்தது.